3 நிமிஷத்திலிருந்து 28 நாள் வரை



போன கோடையில் ஒரு கிராமத்துக்குச் சின்ன வெங்காய வயல் பார்க்கப் போயிருந்தேன். நட்டு நாற்பது நாள் ஆன பயிர். காய் பெருக்கும் சமயம். அந்த நேரத்தில் நிலம் காயக் கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வயல் வெடித்துக் கிடந்தது. தாள் நுனியெல்லாம் கருகியிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மும்முனை மின்சாரம் வருகிறது. மோட்டாரிலும் கோளாறு இல்லை. பிறகு ஏன் தண்ணீர் பாயவில்லை?

விசாரித்தால் விஷயம் வேறு. அந்த விவசாயி மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வைத்திருந்தார். எந்த ஊரில் இருந்தாலும் போன் போட்டால் போதும், மோட்டார் ஓடும். அந்தப் பெட்டிக்குள்ளேயும் ஒரு சிம் கார்டு இருக்கிறதல்லவா? மகள் பிரசவத்துக்காக அவர் டவுனில் தங்கியிருந்தார். அங்கிருந்து தினமும் போன் போட்டிருக்கிறார். இப்போது தொடர்பு கொள்ள இயலாது என்று ஒரு குரல் சொல்லியிருக்கிறது. டவர் கோளாறு என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டார். ஐந்தாம் நாள் ஊருக்கு வந்து பார்த்தபோது பயிர் அந்த நிலைமையில் இருந்தது.

பெட்டியிலிருந்த சிம்முக்கு ரீசார்ஜ் தீர்ந்து போயிருந்தது. அவ்வளவுதான் சமாசாரம். தன் கையில் இருந்த போனுக்கும் பெட்டி சிம்முக்கும் ஒரே நாளில், ஒரே கடையில்தான் ரீசார்ஜ் போட்டிருக்கிறார். கடைப் பையன் இதற்கு 84 நாள், அதற்கு 28 நாள் என்று போட்டுவிட்டான். "ரெண்டுக்கும் ஒண்ணாத்தானே சார் போட்டேன்? ஒண்ணாத்தானே தீரணும்?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. மாதம் என்றால் 30 நாள், 31 நாள் என்று நமக்குத் தெரியும். இந்த 28-ம் 84-ம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது?

டெலிபோன் நம் நாட்டுக்கு வந்த நாளிலிருந்து பேச்சை அளந்து விற்கும் அளவு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நெல்லுக்குப் படி, மரக்கால், கலம் என்று இருந்தது போல, இதற்கும் ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு அளவு. விலையை மட்டும் கேட்டு, படி தலை தட்டியதா கூம்பாச்சியா என்று பார்க்காமல் நெல் வாங்குவோமா? போன் விஷயத்தில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். இந்த அளவுகள் வந்த கதையைச் சொல்கிறேன். கதை தெரிந்தால் கடையில் எந்தப் பிளான் கேட்பது என்பதும் விளங்கிவிடும்.

டிரங்க் கால் காலம்

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தபால் தந்தி இலாகா காலம். ஊரில் போன் என்றால் தபாலாபீஸ், ரைஸ் மில், கமிஷன் மண்டி, இவற்றில் எங்காவது ஒன்று இருந்தால் பெரிய காரியம். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எக்ஸ்சேஞ்சுக்கு நம்பரைச் சொல்லி 'புக்' பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜெண்ட், லைட்னிங் என்று மூன்று வகை. அர்ஜெண்ட் என்றால் இரட்டிப்புக் கட்டணம். லைட்னிங் என்றால் அதற்கும் மேலே பல மடங்கு. சாதாரணக் காலுக்குக் காலையில் சொல்லி வைத்தால் மத்தியானம் கிடைத்தாலும் கிடைக்கும்.

அப்போது அளவு 3 நிமிஷம். அரை நிமிஷத்தில் பேசி முடித்தாலும் 3 நிமிஷக் காசுதான். மூன்று தாண்டினால் ஆபரேட்டர் குறுக்கே வந்து நேரம் ஆகிவிட்டது என்பார். 'பி.பி. கால்' என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் பேசுவேன் என்று கேட்பது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் கட்டணம். ஆனால் அந்த ஆள் இல்லையென்றால் முழுக் கட்டணம் விழாது. மண்டிக்கு மூட்டை அனுப்பும் விவசாயி, முதலாளி இருக்கிறாரோ இல்லையோ என்ற சந்தேகம் இருந்தால் பி.பி. கால் போடுவார். பார்த்தீர்களா? பள்ளிக்கூடம் போகாதவர்கூட அன்றைக்கு எந்தக் கால் தனக்கு லாபம் என்று தெரிந்து வைத்திருந்தார். அளவு கண்ணெதிரே இருந்தது, மூன்று நிமிஷம் என்று.

1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே ஆபரேட்டர் இல்லாமல் நேராக நம்பர் சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. வந்தது. நம் தாலுகாக்களுக்கு வர அதற்குப் பிறகு பல வருஷம் ஆயிற்று. எஸ்.டி.டி.யில் அளவு மாறிவிட்டது. இதில் 'பல்ஸ்' கணக்கு. எக்ஸ்சேஞ்சில் உள்ள மீட்டர் நாம் பேசப் பேசத் துடித்துக்கொண்டே போகும். ஒரு துடிப்புக்கு ஒரு யூனிட். பக்கத்து ஊர் என்றால் மெதுவாகத் துடிக்கும். தூரம் கூடக் கூட வேகமாகத் துடிக்கும். ராத்திரியில் நேரம் செல்லச் செல்லத் துடிப்பு மெதுவாகி, பிந்திய நேரத்தில் பகல் கட்டணத்தில் கால் பங்கு என்று இருந்தது.

1984-ல் மத்திய அரசு சி-டாட் என்ற ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தியது. சாம் பிட்ரோடா அதற்கு முன்னின்றவர். வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி. அறை வேண்டும். நம் கிராமத்தில் அதற்கு எங்கே போவது? ஏ.சி. இல்லாமல், வெயிலிலும் புழுதியிலும் வேலை செய்யும் சின்ன எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். கர்நாடகத்தில் கித்தூர் என்ற ஊரில் 1986-ல் முதலில் வைத்தார்கள். 128 இணைப்பு கொள்ளும் பெட்டி அது. அதற்குப் பின்னால் வந்ததுதான் மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத்துகள். நான் கல்லூரியில் படித்த நாளில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பூத்து வாசலில் நின்ற வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எழுத்தில் காசு ஏறிக்கொண்டே போகும். அதைப் பார்த்துக்கொண்டேதான் அம்மாவிடம் பேசுவோம். "வச்சுடறேம்மா, பத்து ரூபா ஆச்சு" என்பதுதான் கடைசி வார்த்தை. செலவு கண்ணெதிரே ஓடியதால் ஏமாற இடமில்லை.

வந்த காலுக்கும் காசு

1995 ஜூலை 31. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் செல்போனில் பேசினார். நம் நாட்டின் முதல் செல்போன் பேச்சு அது. அதே காலத்தில் சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. என்று இரண்டு கம்பெனிகள் தொடங்கின. நிமிஷத்துக்கு 8 ரூபாய்க்கு மேல். நெரிசலான நேரத்தில் 16 ரூபாய்க்கு மேல். அதைவிட ஆச்சரியம், நமக்கு வரும் காலுக்கும் நாம்தான் காசு கொடுக்க வேண்டும். மணி அடித்ததும் நம்பரைப் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் லேண்ட்லைனுக்கு ஓடியவர்கள் உண்டு.

கேட்பதற்குக் காசு கொடுப்பது நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கும் இந்த ரேடியோவுக்கே ஒரு காலத்தில் தபாலாபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. 1980-களின் நடுவில்தான் அதை நீக்கினார்கள். அந்த லைசென்ஸ் கட்டிக் கேட்டவர்கள்தான் 1960-களில் திருச்சி வானொலியின் பேச்சைக் கேட்டு ஆடுதுறை 27 நெல்லைப் பயிர் செய்தவர்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. கட்டிய காசுக்கு மேலே விளைந்தது. சரி, போனுக்கு வருவோம்.

கம்பெனிகளையும் கட்டணங்களையும் கவனிக்க 1997-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் என்ற அமைப்பு வந்தது. சுருக்கமாக டிராய் என்பார்கள். 2003-ல் அழைக்கிறவர்தான் காசு கொடுக்க வேண்டும், எடுக்கிறவர் கொடுக்க வேண்டாம் என்ற முறை வந்தது. செல்போன் வரப்பு மேட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். காசே இல்லாத போனுக்கும் கால் வரும். மிஸ்டு கால் கொடுத்தால் மறுபக்கத்து ஆள் கூப்பிடுவார். ஒரு ரிங் விட்டால் லாரி கிளம்பிவிட்டது, இரண்டு ரிங் விட்டால் ஆள் வரவில்லை என்று காசில்லாமலேயே சேதி சொல்லிக்கொண்டோம்.

அப்புறம் விலை விழுந்ததைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாடு முழுக்க நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் என்று கொண்டுவந்தது. 2009-ல் டாடா டோகோமோ வந்து, நிமிஷக் கணக்கே வேண்டாம், விநாடிக்கு ஒரு பைசா என்றது. அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் இரண்டு விநாடி பேசினால் இரண்டு நிமிஷக் காசு. கம்பெனி 'ரவுண்டாக' எடுத்துக்கொள்ளும். அந்தக் குறை போயிற்று. மற்ற கம்பெனிகளும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தன. கடையில் 'ஈ.சி.' போடுவது, 'ரேட் கட்டர்' போடுவது என்ற பேச்சு ஊரில் புழங்கியது அந்தக் காலம்தான். 10 ரூபாய் போட்டுக்கொண்டு ஒரு வாரம் ஓட்டலாம். என்னைக் கேட்டால், சாமானிய மனுஷனுக்கு அளவு நேர்மையாக இருந்தது அந்த ஆறேழு வருஷம்தான். பேசின அளவுக்குக் காசு.

ஆயுளுக்கும் ஒரே தடவை

இந்த இடத்தில் ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். 2005 கடைசியில் 'லைஃப்டைம்' என்று ஒரு பிளான் வந்தது. 999 ரூபாய் ஒரே தடவை கட்டினால் ஆயுளுக்கும் கால் வந்துகொண்டே இருக்கும் என்றார்கள். பின்னால் விலை இன்னும் இறங்கியது. வீட்டில் தாத்தாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என்று வாங்கிக் கொடுத்தவர்கள் பல பேர். அந்த நம்பரையே ரேஷன் கார்டிலும் பேங்க் பாஸ்புக்கிலும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

2018 கடைசியில் என்ன நடந்தது? 28 நாளைக்கு ஒரு தடவை குறைந்தது 35 ரூபாயாவது போட வேண்டும், இல்லையென்றால் வரும் காலும் நின்றுவிடும் என்று கம்பெனிகள் சொல்லத் தொடங்கின. பேலன்ஸ் இருக்கிறவர்களை அப்படித் திடீரென்று துண்டிக்காதீர்கள், சரியாகத் தகவல் கொடுங்கள் என்று டிராய் தலையிட்டது. ஆனாலும் முறை மாறியது மாறியதுதான். அந்த 35 ரூபாய் படிப்படியாக ஏறியது. ஏர்டெல்லில் 2021-ல் 79 ஆகி, 99 ஆகி, 2024 ஜூலையில் 199-ல் நின்றது.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். நடுவில் இரண்டு காரியம் நடந்துவிட்டது. ஒன்று, கம்பெனிகள் குறைந்துபோயின. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸை ரத்து செய்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்துவிட்டது. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு ஏர்செல் நம்பர் இருந்த காலம் அது. டவர் இல்லாமல் ஜனங்கள் கடை கடையாக அலைந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அதே வருஷம் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின.

இன்னொன்று, 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது. அதுவரை நெட் என்றால் பயம். பல கம்பெனிகளில் பேக் போடாமல் நெட் தொட்டால் 10 கே.பி.க்கு 10 பைசா. கேட்கச் சின்னக் காசு. அதே கணக்கில் ஒரு ஜி.பி. பார்த்தால் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் போகும்! அளவு எவ்வளவு சின்னது என்று பாருங்கள். கை தவறிப் பட்டனை அழுத்தினால் இருந்த பேலன்ஸ் கரைந்துவிடும். பேக் போட்டாலும் ஒரு மாதத்துக்கு ஒரு ஜி.பி. சுமார் 250 ரூபாய். ஜியோ முதலில் எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்து, 2017 மார்ச் வரை அதை நீட்டியது. பிறகு பேச்சுக்குக் காசு இல்லை, டேட்டாவுக்குத்தான் காசு, அதுவும் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து, 28 நாளைக்கு ஒரு விலை என்று வைத்தது. மற்றவர்களும் அதற்கே மாறினார்கள்.

இப்போது தெரிகிறதா? நிமிஷம் போய், விநாடி போய், அளவு நாளாகிவிட்டது. நீங்கள் பேசினாலும் பேசாவிட்டாலும், நெட் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நாளுக்கு நாள் காசு. குறைவாகப் பேசுகிறவருக்கு நஷ்டம், நிறையப் பேசுகிறவருக்கு லாபம். பம்ப்செட்டுக்கு மீட்டர் வைக்காமல் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்று முன்காலத்தில் கட்டணம் வாங்கினார்களே, அதே மாதிரி.

அந்த 28

28 நாள் என்பது நாலு வாரம். வருஷத்துக்கு 12 தடவை போடுவோம் என்று நாம் நினைக்கிறோம். 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. ஆக 13 தடவை. ஒரு தடவை கூடுதல். 84 நாள் என்பது மூணு 28, மூணு மாதம் அல்ல. இந்த விஷயத்தில் புகார் எழுந்து, 2022 ஜனவரியில் டிராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் ஒன்றாவது வைக்க வேண்டும். மாதாமாதம் அதே தேதியில் போடுகிற பிளானும் ஒன்றாவது வைக்க வேண்டும். உதாரணமாக 5-ஆம் தேதி போட்டால் அடுத்த 5-ஆம் தேதிதான் தீர வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் கடையில் நாம் கேட்டால்தான் போடுவார்கள். கேட்காதவருக்கு 28-தான்.

அடுத்து 2024 டிசம்பரில் இன்னொரு உத்தரவு. டேட்டாவே வேண்டாம், பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் போதும் என்கிறவர்களுக்கென்று தனிப் பிளான் வைக்க வேண்டும், அதற்கு 365 நாள் வரை கெடு கொடுக்கலாம் என்பது அது. பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இது வேண்டியதுதான். நெட்டே வராத போனுக்கு நெட்டுக்கும் சேர்த்துக் காசு கட்டுவது, டிராக்டர் இல்லாதவன் டீசல் வாங்கி வைப்பது மாதிரி.

2025 ஜனவரியில் கம்பெனிகள் அந்தப் பிளான்களை வெளியிட்டன. அதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் பேப்பர் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். ஜியோவில் 1748 ரூபாய், ஏர்டெல்லில் 1849 ரூபாய். எது மலிவு? 101 ரூபாய் குறைவு என்று ஜியோவைத்தான் சொல்வோம். கெடுவைப் பாருங்கள். 1748-க்கு 336 நாள். அதாவது பன்னிரண்டு 28. 1849-க்கு 365 நாள். நாளுக்கு வகுத்தால் முதலாவது 5 ரூபாய் 20 காசு, இரண்டாவது 5 ரூபாய் 7 காசு. குறைந்த விலை போலத் தெரிந்ததுதான் கொஞ்சம் அதிகம்! நான் எந்தக் கம்பெனிக்கும் ஆள் பிடிக்க வரவில்லை. இந்த விலைகள் அந்த மாதத்து விலைகள். நீங்கள் கேட்கும் நாளில் மாறியிருக்கும். வகுத்துப் பார்க்கிற முறை மட்டும் மாறாது. விலையை நாளால் வகுக்க வேண்டும். அதே ஏர்டெல்லில் அப்போது 199 ரூபாய்க்கு 28 நாளும் 2 ஜி.பி.யும். 13 தடவை போட்டால் 2587 ரூபாய். 1849-க்கும் இதற்கும் 738 ரூபாய் வித்தியாசம். ஆனால் ஒரே மூச்சில் 1849 ரூபாய் எடுக்க அறுவடைப் பணம் கையில் இருக்கும் நாள்தான் சரி. அந்தச் சமயத்தில் போட்டுவிடுங்கள்.

டேட்டா எவ்வளவு வேண்டும்?

நாளுக்கு 1.5 ஜி.பி., 2 ஜி.பி. என்று தருகிறார்களே, அதை முறைப் பாசனத்துத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறையில் மடை திறக்காவிட்டால் தண்ணீர் கீழே போய்விடும். நாளைக்குச் சேர்த்து எடுக்க முடியாது. பெரும்பாலும் ராத்திரி 12 மணியோடு அன்றைய பங்கு தீர்ந்தது. அப்படி இல்லாமல் 28 நாளைக்கோ 84 நாளைக்கோ மொத்தமாக இத்தனை ஜி.பி. என்று கொடுப்பது கிணற்றுத் தண்ணீர். வேண்டிய நாளில் இறைத்துக்கொள்ளலாம். 84 நாளைக்கு நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. என்றால் மொத்தம் 126 ஜி.பி. அதில் பாதியாவது உங்கள் வீட்டில் செலவாகிறதா?

ஒரு ஜி.பி. என்பது 1024 எம்.பி. மார்க்கெட் விலை பார்ப்பது, மழை நிலவரம் பார்ப்பது, 2018-ல் வந்த உழவன் செயலியில் மானியம் பற்றிப் பார்ப்பது இதற்கெல்லாம் ஒரு நாளைக்குச் சில எம்.பி. போதும். பூச்சி விழுந்த இலையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்புகிறீர்களே, ஒரு படம் சாதாரணமாக அரை எம்.பி.க்குள் அடங்கிவிடும். குடிப்பது வீடியோதான். ஓரளவு தெளிவில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் சுமார் அரை ஜி.பி. நல்ல தெளிவில் வைத்தால் ஒரு ஜி.பி.க்கு மேல். பிள்ளைகள் படிப்புக்கு வீடியோ பாடம் பார்க்கிற வீடாக இருந்தால் தினப் பங்கு உள்ள பிளான்தான் சரி. விலை விசாரிக்கவும் படம் அனுப்பவும் மட்டும் என்றால் மொத்தப் பிளான் போதும்.

யூகித்துக்கொண்டிருக்க வேண்டாம். போனிலேயே செட்டிங்ஸில் டேட்டா யூசேஜ் என்று இருக்கும். போன மாதம் எத்தனை ஜி.பி. செலவு, எந்த ஆப் தின்றது என்று அது காட்டும். வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். (பிள்ளையின் போனையும் பார்க்கச் சொன்னால் முகம் மாறும், அது வேறு கதை.) வாட்ஸ்அப்பில் வருகிற குட்மார்னிங் வீடியோவெல்லாம் தானாக இறங்குவதை நிறுத்தி வைத்தால் அதிலேயே பாதி மிச்சம்.

மோட்டார் சிம்

முதலில் சொன்ன வெங்காய வயலுக்கு வருகிறேன். ஸ்டார்ட்டர் பெட்டி பழைய மாடலாக இருந்தால் அது 2ஜி-யில் மட்டும் வேலை செய்யும். ஜியோவுக்கு 2ஜி கிடையாது. 4ஜி-க்கு மேல்தான். அந்த சிம்மைப் போட்டுவிட்டு பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டி வாங்கும்போதே 2ஜி-யா 4ஜி-யா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து, கிணற்றடியில் எந்தக் கம்பெனிக்கு டவர் எடுக்கிறது என்று பாருங்கள். ஊர்ச் சாவடியில் எடுக்கிறது என்பது கணக்கில்லை. நாலு பேர் போனை வாங்கி, மோட்டார் கொட்டகைக்குள்ளேயே நின்று, கதவைச் சாத்திக்கொண்டு பார்க்க வேண்டும். தகரக் கொட்டகையாக இருந்தால் வெளியே நாலு கோடு காட்டும் போன் உள்ளே ஒன்று காட்டும். பி.எஸ்.என்.எல். கட்டணம் குறைவுதான். ஆனால் உங்கள் கொல்லையில் அது எடுத்தால்தானே? எடுக்கிற கம்பெனியில்தான் பிளான் பார்க்க வேண்டும். அந்த சிம்முக்கு டேட்டா வேண்டியதில்லை. பேச்சு, எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள பிளானில் எது நீளக் கெடுவோ அதைப் போடலாம். ஆப் வழியாக ஓடுகிற புது மாடல் பெட்டி என்றால் டேட்டா வேண்டியிருக்கும், விற்றவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். கெடு தீர்ந்தும் போடாமல் விட்டால் கால் நிற்பதோடு போகாது. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாமல் கிடந்தால் நம்பரையே எடுத்துவிடலாம். பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். டிராய் 2013-ல் செய்த ஏற்பாடு இது. இதனால் நம்பர் பிழைக்குமே தவிர, மோட்டார் ஓடும் என்று நம்ப வேண்டாம். எடுத்த நம்பரைக் கொஞ்ச நாள் கழித்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பி.எம். கிசான் பணத்துக்கும், பேங்குக்கும், ஆதாருக்கும் கொடுத்த நம்பர் அதுவாக இருந்தால் ஓ.டி.பி. அந்த ஆளுக்குப் போகும். ஆகவே ஆதாரில் சேர்த்த நம்பர் எது என்று பார்த்து, மற்ற சிம்மை விட்டாலும் அதை விடாதீர்கள்.

டவர் சரியில்லை, கட்டணம் கட்டுபடியாகவில்லை என்றால் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க இந்த வசதி உண்டு. போர்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, உங்கள் நம்பரை அடித்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு எண் வரும். நாலு நாளுக்குள் அந்த எண்ணையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புதுக் கம்பெனிக் கடைக்குப் போக வேண்டும். இருக்கிற கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. மாறுகிற நாளில் கொஞ்ச நேரம் லைன் இருக்காது. தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளில் மோட்டார் சிம்மை மாற்ற வேண்டாம்.

அந்த வெங்காயக்காரர் இப்போது இரண்டு சிம்மையும் ஒரே தேதிக்குக் கொண்டுவந்துவிட்டார். முதல் கெடு தீரும்வரை பெட்டி சிம்முக்குக் குட்டிக் குட்டி ரீசார்ஜ் போட்டுச் சரிக்கட்டினார். வயலில் பாதிதான் தேறியது. அடுத்த தடவை நான் போனபோது, மோட்டார் கொட்டகைச் சுவரில், கிரீஸ் போட்ட தேதி எழுதியிருந்த இடத்துக்குக் கீழே, சிம் தீரும் தேதியையும் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருந்தார்.